மூன்றுக்கு நான்கு

இரவு பதினொன்றேகால்.
பெல்லந்தூர் அலுவலகத்தில் ஏ.சி.யை நிறுத்திவிட்டார்கள்.
ஐந்தாவது நாளாக அதே இடத்தில் சாகிறது.

திரை இன்னும் பிறக்காத நேரம் அது.
எழுத்துரு இல்லை, நினைவகக் கணக்கு இல்லை,
பிழை என்று சொல்லக்கூட வாய் இல்லை.
சீரியல் போர்ட் வழியாக ஒரு தடவைக்கு ஓர் எழுத்து
வெளியே தள்ளலாம், அவ்வளவுதான்.
'ஏ' வைத்தேன். வந்தது.
பத்து வரி தள்ளி 'பி'. வந்தது.
'சி'.
'டி' வரவில்லை.

இரண்டுக்கும் நடுவே ஏழே கட்டளைகள்.
பதினாறு பிட்டிலிருந்து முப்பத்திரண்டுக்கு
வாசல் தாண்டும் இடம்.
என் மேஜைக்கடியில் கிடக்கும் பழைய பெட்டி
கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறது.
அந்த வங்கியின் ஹைப்பர்வைசர் மேல் மட்டும்
கால் இடறுகிறது.

நம்ம தப்பு இல்லையே, விடு என்றான் ஹேரம்ப்.
தப்பு எங்களுடையது இல்லையென்று காட்ட
நான்கு நாள் ஆனது.
அதை யாருமே கேட்கவில்லை என்று புரிய
இன்னும் அரை நாள்.

செய்தவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள்:
ஆமாம், தெரியும், அடுத்த பதிப்பில் சரியாகிவிடும்.
வங்கி அடுத்த பதிப்புக்குப் போவது
மார்ச் கணக்கெல்லாம் முடித்த பிறகு.
இது நவம்பர்.

எங்கள் கெர்னலுக்கு அங்கே கெஸ்ட் என்று பெயர்.
அதற்கு அது தெரியாது.
கட்டடம் முழுக்கத் தன் பேரில் என்று நம்பி
அறை அறையாக விளக்குப் போட்டுக்கொண்டு போகும்.

கசவனஹள்ளியில் எனக்கும் ஒரு வீடு.
லிஃப்ட்டில் மூன்றை அழுத்தினால்
இரண்டுக்கு மேலே எங்கோ அந்தரத்தில் நின்றுவிடும்.
பால்பாயின்ட் பேனாவால் யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள்:
மூரக்கெ நால்க்கு ஒத்தி.
கன்னட எழுத்தைக் கூட்டிப் படிக்கப் பழகிய புதிது.
மூன்றாம் மாடி வீடு நாலு லட்சத்துக்கு ஒத்தி
என்று எடுத்துக்கொண்டேன்.
அழுத்து என்று அர்த்தமாம்.
ஆனாலும் நான் இருப்பது ஒத்தி வீட்டில்தான்.
ஆணி அடிக்கக்கூட ஓனரைக் கேட்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு வரி சேர்த்தேன்.
இருந்த மதிப்பையே இருந்த இடத்தில் மறுபடி எழுது.
பிறகு ஒரு தாவல்,
அடுத்த வரிக்கே.
தாவாமல் நடந்தாலும் அங்கேதான் போயிருக்கும்.
மேலே இருப்பவன் மட்டும்
அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு
மனசில் வைத்திருந்த பழைய கணக்கைக் கீழே போடுகிறான்.

டி.

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.
வட்டு, வலை, கடிகாரம், ஆயிரத்துச் சொச்சம் வரி
திரையில் கொட்டி
கடைசியில் உள்நுழையச் சொல்லி
ஒரு கர்சர் கண்சிமிட்டியது.
கைதட்ட ஆள் இல்லை.
கூட்டிப் பெருக்க வந்த டிக்கேஸ்வர்
காலைத் தூக்கச் சொன்னார்.

இரண்டு வரிக்குப் பதினொரு வரி விளக்கம் எழுதினேன்.
பழி போடாமல் பழியை எழுதுவது லேசில்லை.
லவீனா ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினாள்:
இதை எப்போது நீக்கலாம்?
அவர்கள் சரிசெய்ததும் என்று போட்டேன்.
ஒப்புதல் தந்துவிட்டாள்.
இரண்டு பேருமே நம்பவில்லை.

மே மாதம் வங்கி புதுப் பதிப்புக்குப் போனது.
ஹேரம்ப் வேலை மாறி ஹைதராபாத் போனான்.
அந்த இரண்டு வரி
எழும் ஒவ்வொரு தடவையும்
யாரும் இடறாத வாசலில்
ஒரு சின்னக் குதி குதித்துவிட்டே உள்ளே போகிறது.
எடுத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

லிஃப்ட்டையும் சரிசெய்துவிட்டார்கள்.
புது பலகை, மூன்றாம் எண்ணில் நீல விளக்கு.
நேற்றும் நான்கை அழுத்தினேன்.
இருட்டுப் படியில் செருப்பைக் கையில் பிடித்து
ஒரு மாடி இறங்கினேன்.
நாலாம் மாடி நாய் இப்போதெல்லாம்
குரைப்பதில்லை.
கம்பிக் கதவுக்குப் பின்னால் எழுந்து நின்று
நான் இறங்கி முடிக்கும்வரை பார்த்துவிட்டுப்
படுத்துக்கொள்கிறது.